46 பக்க ரிப்போர்ட் அனுப்பியும் பார்ட்னர்கள் போனில்தான் கேட்கிறார்கள், எங்கிருந்து சரிசெய்வது?

கடிலக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். சென்னையில் தலைமை அலுவலகம் உள்ள ஒரு பெரிய ஆடிட், வரி, ஆலோசனை நிறுவனத்தின் புதுச்சேரி கிளையில் எம்ஐஎஸ், அதாவது நிர்வாகத்துக்கான ரிப்போர்ட் தயாரிக்கும் வேலை, பார்க்கிறேன், ஐந்து வருடம் ஆகிறது. வீடு கடலூர், தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன். மாதம் பிறந்தால் முதல் எட்டு நாள் வேறு எந்த வேலையும் ஓடாது. டேலி கணக்கு சாஃப்ட்வேரிலிருந்து பில்லிங், யார் எந்த வேலைக்கு எத்தனை மணி செலவிட்டார் என்று பதியும் டைம்ஷீட் சாஃப்ட்வேரிலிருந்து மணிக்கணக்கு, ஒவ்வொரு பிரிவும் தனியாக வைத்திருக்கும் எக்செல் ஷீட், எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டி 46 பக்கத்துக்கு ஒரு ரிப்போர்ட் அனுப்புகிறேன். அனுப்பிய அரை மணி நேரத்தில் ஒரு பார்ட்னர் போன் பண்ணி, "தம்பி, அந்த சேதராப்பட்டு கிளையன்ட் எவ்வளவு தரணும்?" என்று கேட்கிறார். பதில் 31ஆம் பக்கத்தில் இருக்கிறது. அவர் அந்தப் பக்கம் வரைக்கும் போவதே இல்லை.

போன மாத மீட்டிங்கில் நடந்ததுதான் என்னை இங்கே எழுத வைத்தது. ஒரே கிளையன்ட்டுக்கு மூன்று ஷீட்டில் மூன்று தொகை. எது சரி என்று இரண்டு பார்ட்னர்கள் இருபது நிமிடம் பேசினார்கள், அதிலேயே மீட்டிங் முடிந்துவிட்டது, எடுக்க வேண்டிய முடிவு எதுவும் எடுக்கவில்லை. இப்போது தலைமை அலுவலகத்தில் எண்களைப் படமாகக் காட்டும் பவர் பிஐ டாஷ்போர்டு போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, தப்பான எண்ணுக்குக் கலர் பூசுவது போலத்தான் ஆகும் என்று பயமாக இருக்கிறது. இந்த மாதிரி பெரிய இடத்தில் வேலை பார்த்தவர்கள் யாராவது எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று சொல்லுங்களேன்.


மிஷன் வீதி எழுதியது:

தம்பி, நான் இதே வேலையைப் பதினான்கு வருடம் பார்த்தவன். டாஷ்போர்டு பற்றிய உங்கள் பயம் சரியான பயம். முதலில் அந்த மூன்று தொகையை எடுத்துப் பாருங்கள், அநேகமாக மூன்றுமே சரியாகத்தான் இருக்கும்.

ஒரு லட்சம் ரூபாய் ஃபீஸுக்கு பில் போடுகிறீர்கள். அதன்மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், பில் தொகை 1,18,000. கிளையன்ட் பணம் கட்டும்போது ஃபீஸ் மேல் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது நம் பெயரில் அரசுக்குக் கட்டும் வருமான வரி, பிடிப்பார், ஜிஎஸ்டி மேல் பிடிக்கமாட்டார், ஆக பேங்கில் விழுவது 1,08,000. இப்போது பிரிவு ஷீட்டில் வருமானம் 1,00,000, பில்லிங் ஷீட்டில் 1,18,000, வசூல் ஷீட்டில் 1,08,000. யார் மேலும் தப்பு இல்லை, ஆனால் மூன்றுக்கும் மேலே "தொகை" என்று ஒரே தலைப்பு போட்டிருப்பீர்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். அந்த 10,000 டிடிஎஸ்ஸுக்கு என்ட்ரி போடாமல் விட்டிருந்தால் அது நிலுவைப் பட்டியலில் அப்படியே நின்றுகொண்டிருக்கும். நான் ஒரு இடத்தில் சேர்ந்த புதிதில் நிலுவைப் பட்டியலை பிரிண்ட் எடுத்து, கையில் ஸ்கேலும் சிவப்புப் பேனாவும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் போனேன். 10,000, 4,500, 7,200 என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தது, எல்லாம் ஏதோ ஒரு பில்லில் உள்ள ஃபீஸின் சரியாகப் பத்தில் ஒரு பங்கு. பாதிப் பட்டியல் அப்படி அடிபட்டுப் போன பிறகுதான் உண்மையாகவே பணம் தராத ஏழு கிளையன்ட்டுகளின் பெயர் கண்ணில் பட்டது. அத்தனை நாளும் அவர்கள் அந்தக் குப்பைக்குள் ஒளிந்திருந்தார்கள். அதனால் நம் பெயரில் பிடித்த டிடிஎஸ்ஸைக் காட்டும் வருமான வரித் துறையின் 26ஏஎஸ் படிவத்தோடு ஒப்பிட்டு டிடிஎஸ் என்ட்ரிகளை முடித்துவிட்டு அப்புறம் நிலுவை ரிப்போர்ட் எடுங்கள். வருமானம் என்றால் ஜிஎஸ்டி இல்லாத ஃபீஸ் மட்டும் என்று ஒரு வரியில் எழுதி, எல்லா பார்ட்னரிடமும் ஒப்புதல் வாங்குங்கள். அதற்கே இரண்டு மாதம் ஆகும், ஆகட்டும், அவசரப்படாதீர்கள்.


லாஸ்பேட்டை எழுதியது:

மிஷன் வீதி சார் சொன்னது பணத்தின் பக்கம். எனக்கு டைம்ஷீட் பற்றித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தொழிலில் விற்பதே மனிதர்களின் நேரம்தான், அந்தக் கணக்கு பொய்யானால் மேலே எவ்வளவு நன்றாக ரிப்போர்ட் போட்டாலும் நிற்காது.

நான் ஆடிட் மேனேஜராக ஒன்பது வருடம் இருந்தேன், எந்த நிறுவனம் என்று சொல்ல வேண்டாம். எங்கள் டீமில் ஒரு பெண், புதிதாகச் சேர்ந்தவள், கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டாக் சரிபார்க்கும் வேலை. அந்த வேலைக்கு பட்ஜெட் 45 மணி நேரம். அவளுக்கு 60க்கு மேல் ஆனது, குடோனில் பாதி மூட்டைகளுக்கு லேபிளே இல்லை, எண்ணி எண்ணி எழுதினாள், இரவு எட்டு மணி வரை இருந்தாள். டைம்ஷீட்டில் 45 என்று போட்டாள். ஏன்மா என்று கேட்டேன். "அதிகமா போட்டா எனக்கு வேலை தெரியலைன்னு நினைப்பாங்கக்கா" என்றாள். அடுத்த வருடம் பட்ஜெட் போடும்போது போன வருடம் 45 மணியில் முடிந்தது என்று மறுபடியும் 45 போட்டார்கள், வேறொரு பையன் போய் அதே கஷ்டத்தைப் பட்டான். ஃபீஸும் ஏறவில்லை. ரிப்போர்ட்டில் அந்த கிளையன்ட் லாபமான கிளையன்ட் என்று பச்சையில் இருந்தது. எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

அதனால் கடிலக்கரை தம்பி, டைம்ஷீட்டை மாதக் கடைசியில் ஞாபகத்திலிருந்து நிரப்பும் பழக்கம் உங்கள் அலுவலகத்தில் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். தினமும் மாலை நிரப்பச் சொல்லுங்கள், முடியாவிட்டால் வாரக் கடைசியிலாவது. பட்ஜெட்டைத் தாண்டிய நேரத்தை எழுதினால் திட்டு கிடையாது என்று பார்ட்னர் வாயாலேயே சொல்ல வேண்டும், நீங்கள் மெயில் போட்டால் யாரும் நம்பமாட்டார்கள்.


கீழூர் சாலை எழுதியது:

இரண்டு பேருமே முக்கியமானதைச் சொல்லிவிட்டார்கள். யூடிலைசேஷன் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான் சொல்கிறேன். ஒருவருக்கு இருக்கும் மொத்த வேலை நேரத்தில் எவ்வளவு நேரம் கிளையன்ட் வேலைக்குப் போனது என்ற சதவீதம்தான் அது, உங்கள் ரிப்போர்ட்டிலும் கண்டிப்பாக இருக்கும். அந்த "மொத்த வேலை நேரம்" யார் போட்டது என்று கேளுங்கள்.

தலைமை அலுவலகம் சென்னை என்கிறீர்கள், அப்படியானால் தமிழ்நாட்டு விடுமுறைப் பட்டியலை வைத்துத்தான் கணக்கு போட்டிருப்பார்கள். நமக்கு ஆகஸ்ட் 16 லீவு, 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த நாள், கீழூரில் கொடியேற்றுவார்கள். நவம்பர் 1 விடுதலை நாள், 1954இல் பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை ஒப்படைத்த நாள். இரண்டும் சென்னைக்கு வேலை நாள். அங்கே 20 நாள், 160 மணி. இங்கே 19 நாள், 152 மணி என்று வையுங்கள். ஒருவர் 114 மணி கிளையன்ட் வேலை பார்த்தால் நம் கணக்கில் 75 சதவீதம், சென்னை கணக்கில் 71.25. நான் இருந்த இடத்தில் இலக்கு 75. இந்த ஒரு லீவு நாளுக்காக எங்கள் கிளை முழுக்க சிவப்பில் வந்தது, அப்ரைசலில் அது பேசப்பட்டது.

அப்புறம் யூடிலைசேஷனைத் தனியாகப் பார்க்கவே பார்க்காதீர்கள். அதன் பக்கத்தில் ரியலைசேஷனையும் வையுங்கள், அதாவது போட்ட நேரத்துக்கு நம் ரேட்படி வர வேண்டிய தொகையில் எவ்வளவை பில் போட முடிந்தது என்பது. ஒரு டீம் 90 சதவீதம் நேரம் உழைத்து 60 சதவீதம்தான் பில் போடுகிறது, பெருக்கினால் 54. இன்னொரு டீம் 72 சதவீதம் உழைத்து 90 சதவீதம் பில் போடுகிறது, கிட்டத்தட்ட 65. முதல் டீமுக்குக் கைதட்டி இரண்டாவது டீமைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பதை நானே பார்த்திருக்கிறேன்.


கடிலக்கரை எழுதியது:

நன்றி சார், நன்றி அக்கா. நேற்றும் இன்றும் உட்கார்ந்து சரிபார்த்தேன். விடுமுறை விஷயம் அப்படியே உண்மை, எங்கள் கணக்கிலும் ஆகஸ்ட் 16 வேலை நாளாகத்தான் இருக்கிறது. டிடிஎஸ் வரிகளும் நிறைய இருக்கின்றன.

இன்னொன்றும் கிடைத்தது. எல்லா பிரிவு ஷீட்டிலும் உள்ள வருமானத்தைக் கூட்டினால் லெட்ஜரில், அதாவது நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில், இருப்பதைவிட அதிகம் வருகிறது! தேடிப் பார்த்தால், கடலூரில் இருக்கும் கிளையன்ட்டுகள்தான். கிளையன்ட்டைக் கொண்டுவந்தது சென்னை பார்ட்னர், வேலை பார்ப்பது எங்கள் கிளை, பில் போவது புதுச்சேரி ஜிஎஸ்டி எண்ணில், 34இல் ஆரம்பிப்பது. கிளையன்ட் தமிழ்நாடு, 33, அதனால் மாநிலம் விட்டு மாநிலம் போகும் பில்லுக்கான ஐஜிஎஸ்டி போட்டு பில் போகிறது. சென்னை ஷீட்டில் தங்கள் கிளையன்ட் என்று ஒருமுறை, எங்கள் ஷீட்டில் எங்கள் பில் என்று ஒருமுறை. இதை எப்படிப் பிரிப்பது?

இன்னொரு விஷயம் மனசில் இருந்தது, சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது, அதற்கடுத்து தென்பெண்ணையில் வெள்ளம். கடலூர் பக்கம் இருந்து வருகிற நாங்கள் யாரும் சில நாள் அலுவலகம் போகவே முடியவில்லை. அந்த டிசம்பர் ரிப்போர்ட்டில் எங்கள் எண் விழுந்திருந்தது, ஏன் என்று ஒரு வரி எழுத ரிப்போர்ட்டில் இடமே இல்லை. அடுத்த மீட்டிங்கில் "புதுச்சேரி டீம் ஏன் சுணக்கம்?" என்று கேட்டார்கள். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர்கள் அந்த ரூமில் இருந்தார்கள்.


மிஷன் வீதி எழுதியது:

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது தம்பி. அந்த ஒரு வரிக்கு இடம் வையுங்கள், எண்ணுக்குப் பக்கத்திலேயே, கடைசிப் பக்கத்தில் இல்லை.

இரட்டைக் கணக்குக்கு: கொண்டுவந்தவர், வேலை பார்த்தவர், பில் போட்ட கிளை, மூன்றுக்கும் ஷீட்டில் தனித்தனி பத்தி (column). வருமானம் என்று கூட்டுவது பில் போட்ட கிளை பத்தியை மட்டும், மற்ற இரண்டும் தகவலுக்கு. ரிப்போர்ட்டின் அடியில் லெட்ஜர் தொகை, நம் தொகை, வித்தியாசம் என்று மூன்று வரி போடுங்கள். வித்தியாசம் பூஜ்யம் ஆகாமல் வெளியே அனுப்பாதீர்கள்.


வில்லியனூர் எழுதியது:

நான் மறுபக்கத்தில் இருக்கிறவன், ஒரு நிறுவனத்தில் பார்ட்னர். 46 பக்கம் எனக்கும் வரும், நானும் போன்தான் பண்ணுவேன், அதனால் உங்கள் பார்ட்னர் மேல் கோபப்படாதீர்கள். எனக்குத் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். பில் போடாமல் கிடக்கும் வேலை எது, பணம் வராத பில் எது, அடுத்த இரண்டு மாதத்துக்கு ஆள் போதுமா. போன மாதம் எவ்வளவு என்பது நடந்து முடிந்தது, அதில் நான் மாற்றக்கூடியது ஒன்றும் இல்லை.

முதல் இரண்டையும் ஒரே எண்ணில் பார்க்கலாம், லாக்-அப் நாட்கள் என்பார்கள். வருட ஃபீஸ் 12 கோடி, பில் போடாத வேலை ஒன்றரை கோடி, வர வேண்டிய பணம் இரண்டரை கோடி என்றால், நான்கு கோடியைப் பன்னிரண்டால் வகுத்து 365ஆல் பெருக்குங்கள், ஏறக்குறைய 122 நாள். இன்றைக்குப் பார்த்த வேலைக்கு நான்கு மாதம் கழித்துத்தான் பணம் பார்க்கிறோம், சம்பளமோ மாதா மாதம் போகிறது. இந்த எண்ணைப் பார்த்த நாளில்தான் நானே உட்கார்ந்து என் கிளையன்ட்டுகளுக்கு போன் போட ஆரம்பித்தேன். ஒன்று மட்டும் கவனியுங்கள், செப்டம்பர் 30 வரி ஆடிட் கெடு வரைக்கும் வேலை குவியும், பில் பின்னாடி வரும், அதனால் ஆகஸ்ட்டை ஜூலையோடு ஒப்பிடாதீர்கள், போன வருட ஆகஸ்ட்டோடு ஒப்பிடுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். எட்டாம் தேதி வரும் சரியான ரிப்போர்ட்டைவிட மூன்றாம் தேதி வரும் ஒரு பக்கம் எனக்கு மேல். கடைசி பைசா வரை டேலி ஆகாவிட்டாலும் பரவாயில்லை, "தற்காலிகம்" என்று மேலே எழுதி அனுப்புங்கள். இதில் மிஷன் வீதி சாரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை, வித்தியாசம் பூஜ்யம் ஆகும்வரை காத்திருந்தால் மாதம் பாதி போய்விடும்.


மிஷன் வீதி எழுதியது:

சார், மூன்றாம் தேதி போன எண் எட்டாம் தேதி மாறினால் அடுத்த மாதம் யாரும் நம்பமாட்டார்கள், எனக்கு அந்த அனுபவம் உண்டு. வேண்டுமானால் நிலுவைப் பட்டியலை மட்டும் முதலில் அனுப்பலாம், அது மாறாது. வருமானம் சரிபார்த்த பிறகுதான்.


வில்லியனூர் எழுதியது:

சரி, நிலுவை மட்டும் முதலில், அதற்கு நான் சம்மதம்.


கடிலக்கரை எழுதியது:

அப்படியானால் இந்த மாதம் இப்படிச் செய்கிறேன். மூன்றாம் தேதி ஒவ்வொரு பார்ட்னருக்கும் அவருடைய கிளையன்ட் நிலுவை, பில் போடாத வேலை, ஒரே பக்கம், டிடிஎஸ் வரிகளை எடுத்துவிட்டு. எட்டாம் தேதி வருமானம், லெட்ஜரோடு சேர்ந்த பிறகு. யூடிலைசேஷனை நம் விடுமுறைப் பட்டியலை வைத்து மறுபடியும் போட்டு ஏப்ரலிலிருந்து அனுப்பக் கேட்டிருக்கிறேன், சென்னையில் இன்னும் பதில் வரவில்லை. 46 பக்கத்தை நிறுத்தவில்லை, யார் எந்தப் பக்கம் கேட்கிறார்கள் என்று இரண்டு மாதம் குறித்துவைத்து, யாரும் கேட்காத பக்கத்தை மட்டும் எடுக்கப் போகிறேன்.

லாஸ்பேட்டை அக்கா, டைம்ஷீட் பற்றிப் பார்ட்னரிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.


லாஸ்பேட்டை எழுதியது:

எல்லா டீமையும் இழுக்காதே தம்பி. நஷ்டத்தில் ஓடுகிறதோ என்று உனக்குச் சந்தேகம் இருக்கும் ஒரே ஒரு வேலையை எடு, அதைப் பார்த்த பிள்ளைகளிடம் பெயர் எழுதமாட்டேன் என்று சொல்லி உண்மையான நேரத்தைக் கேள், அந்த எண்ணையும் டைம்ஷீட் எண்ணையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அவர் மேஜையில் வை. அடுத்த வருட ஃபீஸ் பேசப் போவதற்கு முன்னால் வை.