பூச்சி மருந்து வைக்கக் கதவைத் திறக்க மறுக்கும் குடித்தனக்காரர்: என்ன செய்யலாம்?

கேள்வி: மாடி வீட்டுக்காரர்

வணக்கம். சென்னை மடிப்பாக்கத்தில் எங்களுக்கு மூன்று போர்ஷன்கள் கொண்ட வீடு உள்ளது. மாடியில் நாங்கள் இருக்கிறோம். கீழே இரண்டு குடும்பங்கள் வாடகைக்கு இருக்கின்றன. மூன்று சமையலறைகளின் கழிவுநீரும் ஒரே குழாயில்தான் இறங்குகிறது. தை மாதத்திலிருந்து சிறிய பழுப்பு நிறக் கரப்பான்கள் பெருகிவிட்டன. மாடியிலும் முன்பக்கப் போர்ஷனிலும் இரண்டு முறை மருந்து தெளித்தும், பத்துப் பதினைந்து நாட்களில் அவை திரும்பி வந்துவிட்டன. பின்பக்கப் போர்ஷனில் இருப்பவர் மட்டும், "எங்கள் வீட்டில் பூச்சியே இல்லை, மருந்தும் வேண்டாம்" என்று கதவைத் திறக்க மறுக்கிறார். மாதம் பிறந்தால் வாடகை தந்துவிடுபவர் என்பதால் காலி செய்யச் சொல்லவும் மனமில்லை. தண்ணீரை இரண்டு நாள் நிறுத்தினால் வழிக்கு வருவார் என்கிறார் என் மைத்துனர். அந்தக் குடித்தனக்காரர் ஊருக்குப் போகும்போது மாற்றுச் சாவியால் திறந்து மருந்து வைக்கலாமா என்று எனக்கும் ஒரு யோசனை. ஒப்பந்தத்தில் பூச்சியைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற வழக்கறிஞர்

இரண்டும் வேண்டாம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின்படி, தண்ணீர், மின்சாரம் போன்ற இன்றியமையாத வசதிகளை உரிமையாளர் நிறுத்த முடியாது. நிறுத்தினால் குடித்தனக்காரர் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம், அப்போது பேச்சு கரப்பானைப் பற்றியதாக இராது. வாடகைக்கு விட்ட பகுதிக்குள் பழுது பார்க்கவோ பார்வையிடவோ செல்வதானால், குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பு எழுத்து மூலமாகவோ மின்னணு வழியாகவோ அறிவிக்க வேண்டும். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது பூச்சிக் கட்டுப்பாட்டுக்காக உள்ளே வருவதையும், அதன் செலவு யாருடையது என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2: பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழிலில் இருப்பவன்

நீங்கள் சொல்வது பெரும்பாலும் ஜெர்மன் கரப்பானாக இருக்கும். அதன் ஒரு முட்டைக்கூட்டில் 30 முதல் 40 முட்டைகள் வரை இருக்கும். பெண் கரப்பான் அதைப் பொரியும் தறுவாய் வரை உடலோடு சுமந்து திரிவதாலும், தெளிக்கும் மருந்து கூட்டுக்குள் அவ்வளவாக இறங்காததாலும், பெரியவை செத்தாலும் குஞ்சுகள் வந்துகொண்டே இருக்கின்றன. இன்னொன்றையும் சொல்ல வேண்டும், வருந்தாதீர்கள்: மாடியில் தெளித்த மருந்தின் நெடிக்குத் தப்பியவை குழாய் வழியே பின்பக்கத்துக்கு இறங்கியிருக்கலாம். எனவே தெளிப்பதை நிறுத்திவிட்டு மூன்று சமையலறைகளிலும் ஒரே நாளில், கரப்பான் தின்று சாகும் ஜெல் மருந்தை வையுங்கள். சிங்க்கின் அடியிலும், அலமாரிக் கீல்களிலும், ஃபிரிட்ஜின் மோட்டார் அருகிலும் பொட்டுப் பொட்டாக வைத்தால் போதும். நெடி இருக்காது, பாத்திரங்களை வெளியே எடுக்கவும் வேண்டாம். இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடியும் வைக்க வேண்டும். ஜெல் வைத்த இடத்தில் யாரும் ஸ்ப்ரே அடிக்கக் கூடாது. அடித்தால் கரப்பான்கள் அதைத் தின்னாது.

மறுமொழி 3: வாடகைக்கு இருப்பவள்

நானும் ஒரு காலத்தில் கதவைத் திறக்காதவள்தான். என் மகனுக்கு வீசிங் இருந்தது. வீட்டுக்காரரோ முன்னறிவிப்பின்றி, குழந்தை தூங்கும் நேரத்தில், தெளிப்பானோடு ஆளை அனுப்பினார். பூச்சி இருப்பதாக ஒப்புக்கொண்டால் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வாரோ என்ற அச்சமும் இருந்தது. கரப்பானின் எச்சமும் உதிர்ந்த தோலுமே வீசிங்கைத் தூண்டும் என்பதைப் பிறகு மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன். உங்கள் குடித்தனக்காரர் ஏன் மறுக்கிறார் என்று கேட்டீர்களா? உங்கள் பதிவில் அது இல்லை.

கேள்வி கேட்டவரின் பதில்

கேட்கவில்லை என்பது உண்மை. நேற்று மாலை என் மனைவி போய்ப் பேசினார். வயதான தாயாருக்கு மருந்து நெடி ஒத்துக்கொள்ளாது என்பதுதான் காரணமாம். தெளிக்க மாட்டோம், ஜெல் மட்டுமே, செலவு எங்களுடையது, அட்வான்ஸில் பிடித்தம் இல்லை என்று வாட்ஸ்அப்பில் எழுதிக் கொடுத்த பிறகு சனிக்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறார். பேச்சோடு பேச்சாக, தம் சமையலறைக்கு வெளியே கழிவுநீர்த் தொட்டியின் மூடி உடைந்திருப்பதை ஆடியிலேயே என்னிடம் சொன்னதாக நினைவூட்டினாராம். சொன்னார்தான். கொத்தனாரை வெள்ளிக்கிழமைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.