ஆழ்கடல் சேற்றில் கிடக்கும் கல்: பனி வளர்ந்ததன் தடயமா, குலைந்ததன் தடயமா?

கேள்வி:
வட அட்லாண்டிக்கின் நடுவே, கரையிலிருந்து வெகுதொலைவில் எடுத்த நுண்சேற்றில் மணலும் கூழாங்கற்களும் இருக்கின்றன. அவ்வளவு தூரம் கல்லைச் சுமக்க நீரோட்டத்தால் முடியாது. மிதந்து வந்த பனிப்பாறைகள் உருகிப் போட்டவையே அவை என்கிறார்கள். அதுவரை புரிகிறது. ஆனால் கல் மிகுந்த அடுக்கு, நிலத்தில் பனி பெருகியதைக் காட்டுகிறதா, சரிந்ததையா?

பதில் 1:
கல்லை எண்ணினால் மட்டும் போதாது, ஐயா. பெருகிக் கடலைத் தொட்ட பனியும் பனிப்பாறைகளை உடைத்து அனுப்பும், நிலைகுலைந்த பனியும் அனுப்பும். ஆகவே கல்லின் ஊரைத் தேட வேண்டும். சேற்றை 0.15 மி.மீ. சல்லடையில் அலசி, தங்கிய துகள்களை நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணுவார்கள். கண்ணும் கழுத்தும் நோகும் வேலை. ஜெர்மானியக் கடல் புவியியலாளர் ஹார்ட்முட் ஹைன்ரிஷ் 1988இல் விவரித்த, கல் மிகுந்த அடுக்குகள் பலவற்றில் சுண்ணாம்புக்கல்லும், அதைப் போன்ற டோலமைட் பாறையின் துகள்களும் மிகுதி. அவை கனடாவின் ஹட்சன் நீரிணைப் பகுதிப் பாறைகளோடு பொருந்துகின்றன. பல இடங்களின் கல் கலந்திராமல், ஒரே வாயிலிருந்து குறுகிய காலத்தில் இவ்வளவு வந்து குவிந்திருப்பதால்தான், பனியுகத்தில் வட அமெரிக்காவின் வடபகுதியை மூடியிருந்த லாரன்டைட் பனிவிரிப்பு அங்கே குலைந்து கொட்டியது என்று கொள்கிறோம்.

பதில் 2:
பனியின் வாசலிலேயே துளையிட்டால் விடை இன்னும் நேரடியாகக் கிடைக்கும். அன்டார்க்டிகாவின் மக்மர்டோ மிதவைப்பனியைத் துளைத்து, ஆன்ட்ரில் என்னும் பன்னாட்டுத் துளையிடும் ஆய்வுக்குழு 2006–07இல் கடலடியிலிருந்து 1,285 மீட்டர் வண்டல் தூணை எடுத்தது. அதில் களியும் மணலும் கல்லும் தாறுமாறாகக் கலந்த அடுக்கு, பனி அடித்தரையை உரசி நகர்ந்த காலத்தைக் குறிக்கும். டயாட்டம் என்னும் நுண்பாசியின் ஓடுகள் மட்டுமே நிறைந்த அடுக்கோ, வெயில் பட்ட திறந்த கடலைக் குறிக்கும். ஒளியின்றி அது வளராது. இவ்விரண்டும் மாறிமாறி வருகின்றன. பிளையோசீன் காலத்தில் (சுமார் 53 முதல் 26 லட்சம் ஆண்டுகளுக்கு முன்) அந்த ஏற்ற இறக்கம், புவியச்சின் சாய்வு மாறும் ஏறத்தாழ 41,000 ஆண்டுச் சுழற்சியோடு ஒத்துப்போகிறது. ஒரு சங்கடமும் உண்டு: முன்னேறும் பனி, தான் முன்பு எழுதிய பக்கங்களையே சுரண்டி எடுத்துவிடும். இடையில் கிடைக்கும் எரிமலைச் சாம்பலின் வயதை வைத்துத்தான் விடுபட்ட காலத்தை மதிப்பிடுகிறார்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. உலகின் மொத்தப் பனியளவு இதில் தெரியுமா?

பதில் 1:
அதற்குக் கல் உதவாது. கடலடியில் வாழும் ஃபொராமினிஃபெரா என்னும் ஒருசெல் உயிர்களின் சுண்ணாம்பு ஓடுகள் வேண்டும். எடை குறைந்த ஆக்சிஜன்-16 கொண்ட நீர் எளிதில் ஆவியாகிப் பனியாய் நிலத்தில் தங்கிவிடுவதால், பனியுகக் கடலில் எடை மிகுந்த ஆக்சிஜன்-18இன் விகிதம் கூடி, அது ஓட்டிலும் பதிகிறது. ஆனால் நீரின் வெப்பநிலையும் அதே எண்ணை மாற்றும் என்பதால், வெப்பத்துக்கேற்ப மாறும் ஓட்டின் மக்னீசியம்–கால்சியம் விகிதத்தைத் தனியே அளந்து வெப்பத்தின் பங்கைக் கழிக்க வேண்டும்.