பாலர் பாடசாலை டீச்சருக்கு வேலை தந்தவர் யார்? மட்டக்களப்பு, அம்பாறை அனுபவங்கள்

படுவான்கரை டீச்சர்:

2026 ஜனவரியிலிருந்து இலங்கையில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய். 2016ல் சட்டம் வந்தபோது 10,000 ஆக இருந்தது. 2024ல் 17,500, 2025 ஏப்ரலில் 27,000, இப்போது 30,000. கடையில் சாமான் பொதி கட்டுகிற பிள்ளைக்கும் இந்தத் தொகை உரித்து. நல்ல விடயம். ஆனால் கொக்கட்டிச்சோலை, வவுணதீவு, வெல்லாவெளிப் பக்கம் எனக்குப் பழக்கமான பாலர் பாடசாலை டீச்சர்மாரில் இதில் பாதி எடுக்கிறவர்களே குறைவு.

என் கணக்கைச் சொல்கிறேன். பெற்றோர் கட்டுகிற மாதக் காசில் என் பங்கும் அரசாங்கக் கொடுப்பனவும் சேர்ந்தால், நல்ல மாதத்தில் 12,000 ரூபாய் கையில் வரும். டிசம்பரில் பாடசாலை இல்லை, பெற்றோர் காசும் இல்லை. 2025 வரவு செலவுத் திட்டத்தில் எங்கள் கொடுப்பனவை 1,000 ரூபாயால் கூட்டினார்கள். பிள்ளைகளின் காலைச் சாப்பாட்டுக்கு ஒருவருக்கு 60 ரூபாய் இருந்ததை 100 ஆக்கினார்கள். சாப்பாட்டுக் காசு கூடியதில் எனக்கு மெய்யான சந்தோசம். வெறும் வயிற்றோடு வந்து பத்து மணிக்கே சுருண்டு படுக்கிற பிள்ளைகளை நான் பார்க்கிறேன்.

தொகையைப் பற்றி மட்டும் பேச நான் வரவில்லை. போன வருடம் வீட்டுக் கூரை திருத்த லோன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனேன். சம்பளப் பத்திரம் கேட்டார்கள். இல்லை என்றதும், "சரி, வேலை தந்தவரிட்ட ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வாங்க" என்றார்கள். பாடசாலையை நடத்துகிற ஊர்ச் சங்கத்தின் தலைவரிடம் கேட்டேன். "நாங்க கட்டடம்தான் தந்திருக்கிறம் டீச்சர், சம்பளம் பெற்றோர் தாறதுதானே" என்றார். பெற்றோர் குழுவில், "நாங்க பிள்ளைக்குக் காசு கட்டுறம், டீச்சரை வேலைக்கு எடுத்தது சங்கம்" என்றார்கள். பதிவு செய்கிற அலுவலகத்தில், தங்கள் பொறுப்பு பதிவும் மேற்பார்வையும் மட்டும்தான் என்றார்கள். எல்லாருமே மரியாதையாகப் பேசினார்கள், ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இத்தனை வருடம் வேலை செய்த எனக்கு "இவர் என்னிடம் வேலை செய்கிறார்" என்று கையெழுத்துப் போட ஒரு ஆள் இல்லை.

உங்கள் ஊரில் எப்படி? யாரிடம் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது? டீச்சர்மார், விட்டுப் போனவர்கள், பெற்றோர், சங்கக்காரர் எல்லாரும் எழுதுங்கள். தயவுசெய்து ஆட்களின் பெயர், பாடசாலையின் பெயர் வேண்டாம்.

தம்பிலுவில் அம்மா:

டீச்சர், நான் பெற்றோர் பக்கம். மாதம் 500 ரூபாய் கட்ட வேண்டும். வீட்டுக்காரர் கூலி வேலை. மாரிக்கு மழை பிடித்தால் வாரக்கணக்கில் வேலை இல்லை. நான் மாதக்கணக்கில் காசு கட்டாமல் இருந்திருக்கிறேன். டீச்சர் ஒரு நாளும் என் மகனை நிற்க வைத்துக் கேட்டதில்லை.

மகன் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். எங்கள் வீட்டில் அதைக் குழப்படி என்றே நினைத்தோம். டீச்சர்தான் கவனித்து, "இவர் வலப்பக்கம் இருந்து கூப்பிட்டா திரும்புறார், இடப்பக்கம் இருந்தா இல்லை. காது கிளினிக்குக்குக் கொண்டு போங்க" என்றார். கொண்டு போனோம். இடது காதில் பிரச்சினை இருந்தது. நாலு வயதில் பிடித்ததால் வைத்தியம் லேசாக முடிந்தது. இப்போது தரம் 2 படிக்கிறான், நன்றாகக் கேட்கிறான்.

அந்த டீச்சருக்கு என் 500 ரூபாயில் பாதிதான் போகும் என்று பிறகுதான் எனக்குத் தெரியும். தெரிந்த பிறகு மனம் கேட்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சம்பளத்தைக் கூட்டச் சொன்னால் சில இடங்களில் பெற்றோர் காசைக் கூட்டுகிறார்கள். பக்கத்து ஊரில் ஒரேயடியாக 1,500 ஆக்கியதும் கூலிக்காரரின் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். வீட்டில் இருந்துவிட்டு நேரே தரம் 1க்குப் போனார்கள். டீச்சர்மாரும் நாங்களும் ஒருவரை ஒருவர் பார்த்து முகம் சுளிக்கிற மாதிரி இது போகக்கூடாது.

நிந்தவூர் ராத்தா:

நான் விட்டுப் போனவள். பாலர் பாடசாலையில் இருந்தபோது மூன்றாவது பிள்ளை கிடைத்தது. பேறுகால லீவு எத்தனை நாள் என்று நிர்வாகத்திடம் கேட்டேன். "நீங்க வர ஏலுமான நேரம் வாங்க, அதுவரைக்கும் ஒரு பிள்ளையப் போட்டு நடத்துவம்" என்றார்கள். லீவில் இருந்த நாளுக்குக் காசு இல்லை. நான் திரும்பி வந்தபோது அந்தப் பிள்ளை அங்கேயே நிரந்தரமாகிவிட்டாள். அவளுக்கும் வீட்டில் கஷ்டம், அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

பிறகு காமென்டுக்கு, அதுதான் ஆடைத் தொழிற்சாலைக்கு, வேலைக்குப் போனேன். முதல் நாளே நியமனக் கடிதம் தந்தார்கள். முதல் மாதத்திலிருந்து ஊழியர் சேமலாப நிதி: என் சம்பளத்தில் 8 வீதம், அவர்கள் 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு அவர்கள் இன்னும் 3 வீதம். என்னோடு லைனில் இருந்த தங்கச்சிக்கு பிள்ளை கிடைத்தபோது 84 நாள் சம்பளத்தோடு லீவு. எத்தனையாவது பிள்ளை என்றாலும் அதே 84 நாள் என்று 2018ல் சட்டம் திருத்தியிருக்கிறார்கள்.

மெசினில் குந்தியிருக்கிற வேலை எனக்குப் பிடித்த வேலை இல்லை. பிள்ளைகளோடு பாட்டுப் படித்து, மண்ணில் விளையாட விட்டு, அழுகிறதைத் தூக்கி வைத்திருக்கிற வேலைதான் பிடிக்கும். அதற்காக டிப்ளோமாவும் படித்தேன். அந்தச் சான்றிதழ் அலுமாரியில் கிடக்கிறது. "உங்களுக்கு சேவை மனப்பான்மை இல்லையா ராத்தா" என்று ஒருவர் கேட்டார். சேவை மனப்பான்மை இருக்கிற நேர்ஸ் சம்பளம் எடுக்கிறார், சேவை மனப்பான்மை இருக்கிற டொக்டரும் எடுக்கிறார். எங்களிடம் மட்டும் ஏன் இந்தக் கேள்வி?

வாகரைப் பக்கம்:

நான் புதிதாகச் சேர்ந்தவள். தேசிய தொழில் தகைமை (NVQ) 4ஆம் மட்டம் முடித்தால்தான் இனி நல்லது என்கிறார்கள். வகுப்பு டவுனில், சனி ஞாயிறு. பஸ் காசும் சாப்பாடும் சொந்தச் செலவு. முடித்தால் கொடுப்பனவு கூடுமா என்று கேட்டேன். பதில் இல்லை.

எழுவான்கரைப் பொருளாளர்:

சங்கக்காரரையும் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். நான் ஒரு கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பொருளாளர். எங்கள் பாலர் பாடசாலைக் கட்டடம் 2004 சுனாமிக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனம் கட்டித் தந்தது. முதல் சில வருடம் டீச்சர்மாரின் சம்பளத்தையும் அவர்களே தந்தார்கள். திட்டம் முடிந்து அவர்கள் போனதும் சம்பளம் எங்கள் தலையில் வந்தது. 2015ல் உலக வங்கி 50 மில்லியன் டொலர் தந்த முன்பிள்ளைப்பருவத் திட்டமும் அப்படித்தான், கட்டடம், உபகரணம், பயிற்சி. அதெல்லாம் தேவைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கட்டடத்துக்குக் காசு தருகிறவர்கள் எல்லாரும் அதற்குள்ளே நிற்கிற ஆளுக்கு வேறு யாரோ தருவார்கள் என்றே நினைக்கிறார்கள்.

எங்கள் கணக்கு இது. 28 பிள்ளை, மாதம் 600 ரூபாய். எல்லாரும் கட்டினால் 16,800. பெரும்போக வெள்ளாண்மை வெட்டி முடிகிற மாசி, பங்குனியில் பழைய பாக்கியும் சேர்த்துக் கட்டுவார்கள். மற்ற மாதங்களில் 11,000 வந்தால் பெரிய காரியம். அதில் கரண்ட் பில், சோக், பேப்பர், கிணற்று மோட்டார் திருத்தம். மிச்சத்தை இரண்டு டீச்சர்மாருக்கும் பிரித்துக் கொடுக்கிறேன். கொடுக்கும்போது எனக்கு அவர்களின் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

இருவருக்கும் 30,000 வீதம் கொடுக்க 60,000 வேண்டும். சேமலாப நிதி, நம்பிக்கை நிதிக்கு எங்கள் பங்கு 15 வீதம், அது 9,000. ஆக 69,000. பிள்ளைக்கு மாதம் 2,460 ரூபாய்க்கு மேல் போகிறது. தம்பிலுவில் தங்கச்சி சொன்னதுதான் அப்போது நடக்கும். பெற்றோர் காசால் இந்தச் சம்பளத்தை ஒரு நாளும் கொடுக்க முடியாது. இதைத் திறந்து பேச வேண்டும்.

சேமலாப நிதி பற்றித் தொழில் அலுவலகத்தில் விசாரித்தேன். தொண்டு, சமூக சேவை அமைப்புகளில் 10 பேருக்குக் குறைவாக வேலை செய்தால் அது கட்டாயம் இல்லையாம். வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கிற பணிக்கொடையும் அப்படித்தான், 1983 சட்டப்படி 15 பேராவது வேலை செய்கிற இடத்துக்குத்தான் அது. எங்களிடம் இருப்பது இரண்டு டீச்சர். நாங்கள் தனித்தனிச் சங்கமாக இருக்கும் வரைக்கும் இந்த இரண்டு சட்டத்துக்கும் கணக்கில் வரமாட்டோம்.

இதை வைத்து நான் யோசித்தது ஒன்று. ஒரு பிரதேசத்தில் எட்டுப் பாலர் பாடசாலை ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தாலே 16 டீச்சர். இரண்டு வரம்பையும் தாண்டியாயிற்று. சங்கம் கட்டடத்தைப் பார்க்கட்டும், பெற்றோர் குழு சாப்பாட்டைப் பார்க்கட்டும். டீச்சரை வேலைக்கு எடுப்பதும் சம்பளம் கொடுப்பதும் பிரதேச மட்டத்தில் ஒரே கையில் இருக்கட்டும். பிரதேச சபையோ, மாகாணத்தின் கீழ் ஒரு அமைப்போ, யாரோ ஒருவர்.

கல்முனை, தரம் 1 ஆசிரியை:

பொருளாளர் ஐயா சொன்னதை நானும் ஆதரிக்கிறேன். நான் அரசாங்கப் பாடசாலையில் தரம் 1 எடுக்கிறேன். ஜனவரியில் பிள்ளைகள் வந்து இருக்கும்போதே தெரியும், யார் நல்ல பாலர் பாடசாலைக்குப் போனவர் என்று. எழுத்துத் தெரிவதை வைத்துச் சொல்லவில்லை. முறைக்குக் காத்திருப்பார், தன் சாப்பாட்டுப் பெட்டியைத் தானே திறப்பார், டொய்லட் போக வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்பார், பக்கத்தில் அழுகிற பிள்ளையைப் பார்ப்பார். இந்தப் பிள்ளையை எனக்குத் தயார்படுத்தித் தந்தவருக்கு ஓய்வூதியம் இல்லை, எனக்கு இருக்கிறது. ஐந்து வயது முடிந்து எங்களிடம் வந்ததும் பாடநூல், சீருடைத் துணி, ஆசிரியர் சம்பளம் எல்லாம் அரசாங்கச் செலவு. அதற்கு முதல் நாள் வரைக்கும் அதே பிள்ளை ஊர்ச் சங்கத்தின் பொறுப்பு. இது நியாயமே இல்லை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. விடுகை விழாவுக்குக் கறுப்பு அங்கி, தொப்பி, மேடை, வீடியோ என்று ஒரு பிள்ளைக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறோம். ஒரு வருடம் அந்த விழாவை மரநிழலில் சாதாரணமாக வையுங்கள். மிச்சம் வருவதை டிசம்பர் மாதம் டீச்சர்மாருக்குக் கொடுக்கலாம். பெரிய தீர்வு இல்லைதான், ஆனால் உடனே செய்யக்கூடியது.

நிந்தவூர் ராத்தா:

டிசம்பர் காசு நல்ல யோசனை டீச்சர். அதை அன்பளிப்பு என்று மேடையில் வைத்துக் கொடுக்காமல், சம்பளம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். நாளைக்கு டீச்சரின் கையில் ஒரு ஆதாரம் இருக்கும்.

படுவான்கரை டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. பொருளாளர் அண்ணன் போட்ட கணக்கை நான் எங்கள் கூட்டத்தில் வாசித்தேன். இதுவரைக்கும் சங்கம் காசை ஒளிக்கிறது என்று நினைத்திருந்த டீச்சர்மாரும் இருந்தார்கள். அந்தக் கோபம் கொஞ்சம் அடங்கியது.

அப்புறம், யாரிடம் போவது என்பதும் பேசினோம். அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி முன்பள்ளிகள் மாகாண சபையின் பொறுப்பு. கிழக்கு மாகாண சபை 2017 செப்டம்பரோடு கலைந்தது, அதற்குப் பிறகு தேர்தல் இல்லை. எங்களுக்காகச் சபையில் எழும்பிக் கேட்க ஒரு உறுப்பினர் கிடையாது. அதனால் ஒரு மகஜர் ஆளுநருக்கு, அதன் ஒரு கொப்பி மாகாணக் கல்வி அமைச்சின் செயலாளருக்கு. இன்னொன்று பிரதேச சபைத் தவிசாளர்களுக்கு. 2025 மே தேர்தலில் வந்தவர்கள் ஊருக்குள்ளேயே இருக்கிறார்கள், வீட்டு வாசலில் போய்க் கேட்கலாம்.

மகஜரில் கொடுப்பனவைக் கூட்டச் சொல்லி மட்டும் எழுதவில்லை. முதலாவது, ஒவ்வொரு டீச்சருக்கும் வேலை தருகிறவரின் பெயரும் சம்பளமும் போட்ட நியமனக் கடிதம். இரண்டாவது, பிரதேச மட்டத்தில் ஒரே நிர்வாகம், அதன் மூலம் சேமலாப நிதியும் பேறுகால லீவும். மூன்றாவது, குறைந்தபட்சச் சம்பளத்துக்கும் பெற்றோர் காசுக்கும் இடையில் இருக்கிற இடைவெளியை அரசாங்கம் நிரப்ப வேண்டும், பெற்றோர் காசைக் கூட்டக்கூடாது. பயிற்சிக்குப் போகிற நாளுக்குப் பஸ் காசு என்றும் சேர்த்திருக்கிறோம், வாகரைத் தங்கச்சிக்காக.

டீச்சர்மாரின் கையெழுத்து மட்டும் போதாது. பெற்றோரும் சங்கங்களும் போட்டால்தான் மதிப்பு.

தம்பிலுவில் அம்மா:

நான் போடுகிறேன். மகனின் காது விடயத்தையும் எழுதி இணைக்கலாமா? எங்கள் ஒழுங்கையில் இன்னும் நாலைந்து தாய்மார் இருக்கிறார்கள், அவர்களையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

எழுவான்கரைப் பொருளாளர்:

கட்டாயம் எழுதுங்க தங்கச்சி. எங்கள் சங்கத்தின் மூன்று வருடக் கணக்குப் புத்தகத்தையும் போட்டோக் கொப்பி எடுத்து இணைக்கத் தருகிறேன். மற்றச் சங்கங்களின் பொருளாளர்மாரும் தந்தால், பெற்றோர் காசு எவ்வளவு வருகிறது, டீச்சருக்கு எவ்வளவு போகிறது என்பதை ஒருவரும் மறுக்க முடியாது.

வாகரைப் பக்கம்:

தகைமை 4 இன்னும் முடிக்காதவர்களும் கையெழுத்துப் போடலாமா அக்கா?

படுவான்கரை டீச்சர்:

போடலாம். எந்த வருடம் வேலைக்குச் சேர்ந்தீர்கள் என்பதைப் பெயருக்குப் பக்கத்தில் எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக்கு முதல் உங்கள் பக்கத்துப் பட்டியல் வந்தால் நல்லது.