புதுப்பிப்பு: ஸ்கூபா டைவிங் ரெகுலேட்டர் (மூச்சுக் கருவி) ஹோஸில் குமிழி வந்த கதை

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: வீட்டிலேயே ஆக்டோபஸுக்கு (அவசரத்துக்கான உபரி மூச்சுக் கருவி) புது ஹோஸ் மாட்டினேன், முதல் நிலை (சிலிண்டரில் பூட்டும் பகுதி) இணைப்பில் குமிழி வருகிறது, இன்னும் முறுக்கலாமா என்று. வேண்டாம் என்று தடுத்தவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

சிலிண்டரை மூடி, பர்ஜ் பட்டனை அழுத்திக் காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு ஹோஸைக் கழற்றினேன். ஓ-ரிங்கில் ஒரு சின்ன வெட்டு, அதன் பள்ளத்தில் ஒரு மணல் துகள். நீலாங்கரையில் மொட்டை மாடியில் உட்கார்ந்து வேலை பார்த்தால் கடற்கரை மணல் வராமல் என்ன செய்யும்! காற்றை அடைப்பது அந்த ரப்பர் வளையம்தான், முறுக்கும் பலம் அல்ல. நான் மேலும் முறுக்கியிருந்தால் பித்தளை மரைதான் போயிருக்கும்.

இந்த முறை அறைக்குள், வெள்ளைத் துணி விரித்து உட்கார்ந்தேன். புது ஓ-ரிங், அதன்மேல் மினுமினுக்கும் அளவுக்கு மட்டும் சிலிகான் கிரீஸ். கையாலேயே கடைசிவரை திருகினேன். வழியில் எங்கும் இறுகவில்லை, அதனால் மரை கோணலாக ஏறவில்லை என்று தெரிந்தது. அப்புறம் 14 மி.மீ. ஸ்பேனரை அதன் தலைப்பகுதிக்கு அருகில் பிடித்து லேசாக ஒரு இறுக்கு. சுமார் 4.5 நியூட்டன் மீட்டர் போதும், மணிக்கட்டு பலமே அதற்குத் தாராளம்.

சிலிண்டரில் பூட்டி, மெதுவாகத் திறந்து, முதல் நிலையை வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் வைத்துப் பார்த்தேன். ஒரு குமிழிகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகும் முன் பயிற்றுநரிடமும் காட்டிவிடுவேன்.