செத்த சுறாவப் பாத்து நடுங்குனீங்களா? எந்த சுறா?

பழையபேப்பர்: நேத்து ஒருத்தர் எழுதியிருந்தாரு, 2008ல நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்துல டேமியன் ஹர்ஸ்ட்டுங்கற பிரிட்டிஷ் கலைஞர் கண்ணாடித் தொட்டிக்குள்ள கலைப்படைப்புன்னு வெச்ச செத்த சுறாவப் பாத்ததும் சாவே எதுர்ல வந்து நின்ன மாதிரி கைகால் வெடவெடத்துருச்சாம், அது வராதவன்லாம் கல்நெஞ்சக்காரனாம். ஐயா, அந்த 1991 சுறாவுக்கு அழுகாம இருக்க ஊத்துன ஃபார்மலின் உள்வரைக்கும் சரியா ஏறாம அழுகி தண்ணியே கலங்கிப்போச்சு. 1993ல தோல உரிச்சு ஃபைபர்கிளாஸ் அச்சு மேல மாட்டுனாங்க. 2006ல அதையும் தூக்கிட்டு வேற சுறா. நீங்க நடுங்குனது டூப்ளிகேட்டப் பாத்து.

ஊசிப்பட்டாசு: அந்த "ஒருத்தர்" நான்தான், பேரச் சொன்னா வாய் வலிக்குமா? தொட்டி முன்னாடி நின்னுருக்கீங்களா நீங்க? வாயத் தொறந்துட்டு நேரா நம்மளப் பாக்கும், உள்ள பல்லு பல்லா. மெதுவா மூலைப்பக்கம் நகந்தா ரெண்டு கண்ணாடியும் சேர்ற எடத்துல சுறா ரெண்டாத் தெரியும், ஒரு செகண்டு அது அசைஞ்ச மாதிரியே இருக்கும். எனக்கு வயித்தக் கலக்குச்சு. வயிறு வருஷம் கேக்குமா?

பழையபேப்பர்: ரெண்டாத் தெரிஞ்சுதா, சரிதான். ஒண்ணு 1991, இன்னொண்ணு 2006.

நிலாச்சோறு: சுறாவ விடுங்கப்பா. ஹிரோஷிமா மியூசியத்துல துருப்பிடிச்ச மூணு சக்கர சைக்கிள் ஒண்ணு இருக்கு. நாலு வயசு கூட ஆகாத பையன் குண்டு விழுந்தப்ப ஓட்டிட்டு இருந்தது. அவனத் தனியா விட மனசு வராம அப்பா சைக்கிளையும் சேத்தே தோட்டத்துல புதைச்சாரு, 1985லதான் தோண்டி எடுத்துக் குடுத்தாரு. யாரும் கலைன்னு நெனச்சு செய்யல அத. எனக்குத் தொண்ட அடைச்சுருச்சு.

பழையபேப்பர்: அந்த சைக்கிள 2006ல மாத்தல மேடம். நான் சொல்றதும் அதான்.

நிலாச்சோறு: நான் உங்களுக்கு சப்போர்ட் பண்ணவே இல்லயே!

குறுக்குசால்: ஸ்டெந்தால் சிண்ட்ரோம்னு ஒண்ணு இருக்கு. ஃப்ளாரன்ஸ்ல மகெரினின்னு ஒரு மனநல டாக்டரம்மா, கலைப்படைப்புங்களப் பாத்து படபடப்பு மயக்கம்னு வந்த 106 டூரிஸ்டுங்களப் பத்தி 1989ல புக்கே போட்டாங்க. அப்புறம் பேப்பர் சார், ஃபார்மலின் இல்ல, ஃபார்மால்டிஹைடு.

பழையபேப்பர்: ஃபார்மால்டிஹைட தண்ணில கரைச்சா அதுக்குப் பேருதான் ஃபார்மலின், ஸ்கூல் லேப்ல மூக்கப் பொத்திட்டு நின்னவனுக்கெல்லாம் தெரியும். அந்த 106 பேரு பாத்தது ஒரிஜினலு. ஃபைபர்கிளாஸ் மேல மாட்டுனதுல பயமே வரலன்னு ஹர்ஸ்ட்டே சொல்லிருக்காரு, செஞ்சவருக்கே வரல, இவருக்கு வந்துருச்சாம்.

ஊசிப்பட்டாசு: அது 1993 சுறா! நான் பாத்தது அதுக்கப்புறம் வெச்ச முழு சுறா, உங்க தேதியே உங்களுக்குக் கொழம்புது. 2019ல செவுத்துல டேப் போட்டு ஒட்டுன வாழைப்பழம் 1,20,000 டாலருக்குப் போனப்ப இங்க மூணு நாளு யாரு கத்துனா? பழத்த எத்தன தடவ மாத்துனாலும் பரவால்ல, ஐடியாதான் கலைன்னு என்ன முட்டாளாக்குனது நீங்கதான? பழத்த மாத்தலாம், சுறாவ மாத்தக் கூடாதா?

பழையபேப்பர்: பழம் அழுகும்னு தெரிஞ்சே ஒட்டுனது. சுறா அழுகக் கூடாதுன்னு வெச்சது. அது வேற இது வேற.

குறுக்குசால்: ஆக அன்னிக்கு ஒரு நாக்கு, இன்னிக்கு ஒரு நாக்கு.

பழையபேப்பர்: உங்ககிட்ட யாரு கேட்டா? போய் அந்த 106 பேர எண்ணுங்க.

நிலாச்சோறு: சைக்கிளப் பத்தி யாராச்சும் ஒரு வார்த்த பேசுனீங்களா?

பழையபேப்பர்: 2006 மேடம், 2006. அதுக்கு இன்னும் யாருமே பதில் சொல்லல.

ஊசிப்பட்டாசு: சொல்லியாச்சு, மேல போய்ப் படிங்க.