மறு: டொரண்ட் ‘சீடர்’, ‘லீச்சர்’ – திங்கட்கிழமைக்குள் தமிழில் வேண்டும்

காட்பாடி ஆசிரியை:

வணக்கம். பாலிடெக்னிக் பிள்ளைகளுக்குப் பதிப்புரிமை பற்றி ஒரு கையேடு எழுதுகிறேன், திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. டொரண்ட் (ஒரே இடத்திலிருந்து இல்லாமல், ஒருவர் கம்ப்யூட்டரிலிருந்து இன்னொருவர் இணையத்தில் கோப்பை வாங்கிக்கொள்ளும் முறை) பகுதியில் மாட்டிக்கொண்டேன். முழுக் கோப்பையும் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குக் கொடுப்பவர் சீடர், கோப்பு இன்னும் முழுசாக வந்து சேராதவர் லீச்சர், எல்லாரும் சேர்ந்த கூட்டம் ஸ்வார்ம். போன வருஷம் கரும்பலகையில் ‘சீடர்’ என்று எழுதினேன். “அப்போ குரு யார் மிஸ்?” என்றான் ஒரு பையன்.

ஆற்காட்டுத் தமிழாசிரியர் (ஓய்வு):

பையன் கேட்டது நியாயம்தான் அம்மா. சீடன் என்பதே வேட்டி மாற்றிக் கட்டிய சிஷ்யன். ஆங்கிலத்தில் சீட் என்றால் விதை, அதனால் ‘வித்துநர்’ என்று போடுங்கள், ஓட்டுநர், இயக்குநர் மாதிரி. வித்துதல் என்றால் விதைத்தல், நல்ல பழைய வினை. லீச் என்றால் ரத்தம் உறிஞ்சும் அட்டை, ஆகவே லீச்சருக்கு ‘அட்டை’. அனுமதியில்லாமல் நகலெடுக்கும் பைரசிக்குக் ‘கடற்கொள்ளை’ மட்டும் வேண்டவே வேண்டாம், பாலாற்றிலேயே தண்ணீரைக் காணோம். ‘களவு’ போதும். கள் என்ற வேரிலிருந்து கள்வன், கள்ளம், களவு...

குடியாத்தம் (கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை):

ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. எங்கள் ஊரில் வித்துநர் என்றால் ‘வித்துட்டார்’ என்றுதான் காதில் விழும். சும்மா கொடுத்தவனை விற்றவன் ஆக்கிவிட்டால் கேஸே வேறு. அட்டை என்றால் ரேஷன் அட்டை. களவு என்று தலைப்பு வைத்தால் தொல்காப்பியக் களவியல் படித்த பிள்ளைகள் காதல் பாடம் என்று ஆசையாகத் திறப்பார்கள்.

சத்துவாச்சாரி வழக்கறிஞர்:

சிரித்து முடித்தாயிற்றா? அட்டை, உறிஞ்சி எல்லாமே தப்பு, ஏனென்றால் லீச்சர் வாங்க மட்டும் செய்வதில்லை. கோப்பு துண்டு துண்டாக வருகிறது, வந்து சேர்ந்த துண்டை அவர் இறக்கிக்கொண்டிருக்கும்போதே அடுத்தவருக்கு ஏற்றிக்கொண்டும் இருக்கிறார். “நான் சும்மா டவுன்லோடுதானே சார் செய்தேன்” என்று வருகிற பையனுக்குப் புரியாத இடம் இதுதான், பரப்பியதும் அவன் கணக்கில் சேர்கிறது. 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம் (லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் காரணம் எழுதிக் குறைக்கலாம்). சொல்லைப் பார்த்ததும் அவன் கொடுப்பதும் தெரிய வேண்டும். அப்புறம், தயவுசெய்து காப்புரிமை என்று எழுதிவிடாதீர்கள், அது பேட்டன்ட்.

குடியாத்தம்:

அப்படியானால் லீச்சர் ‘பங்காளி’! பங்கு வாங்குகிறான், பங்கு கொடுக்கிறான், வழக்கு வந்தால் அதிலும் பங்கு. ஸ்வார்முக்கு ‘மொய்’. ஈ மொய்ப்பதும் மொய்தான், கல்யாணத்தில் நோட்டுப் போட்டு எழுதுவதும் மொய்தான். பிராம் கோஹன் 2001இல் இந்த டொரண்ட் முறையை, அதாவது பிட்டொரண்டை, செய்தபோதே, கொடுக்கிறவனுக்கு முதலில் கொடு என்ற கணக்கை உள்ளே வைத்துவிட்டார். நம் வீட்டு மொய் நோட்டு வேறென்ன செய்கிறது?

ஆற்காடு:

மொய் அருமையான சொல். திரள் என்பது பழைய பொருள், மொய்ம்பு என்றால் வலிமை, தோள் என்றும் சொல்வார்கள், அதனால்தானோ என்னவோ நாலு பேர் தோள் கொடுக்கிற இடத்தில்... சரி, நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் திருட்டுப் படத்துக்கு மொய்யா? மனசு ஒப்பவில்லை.

காட்பாடி:

ஐயா, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தையும் டொரண்டில் தருகிறார்கள், அது முழுக்கச் சட்டப்படி சரி. சொல்லே குற்றம் சாட்டினால் அதை எங்கே வைப்பது? மூன்று பேர் ஒப்பியதால் விதைப்பவர், பங்காளி, மொய் என்று போடுகிறேன். பக்கத்திலேயே சீடர், லீச்சர், ஸ்வார்ம் என்றும் இருக்கும், இல்லாவிட்டால் திரையில் பார்க்கும்போது முழிப்பார்கள்.

ஆற்காடு:

விதைப்பவருக்கு என் ஓட்டு இல்லை. ‘பவர்’ என்று முடிகிற எதுவும் கலைச்சொல் ஆகாது. வித்துநரை அடிக்குறிப்பிலாவது போடுங்கள் அம்மா.