மறு: பிரைமருக்குத் தமிழ்: முதற்பூச்சா, கவ்வுபூச்சா?

நண்பர்களே,

சிறிய ரயில் மாதிரிகளுக்குச் சாயம் அடிக்கும் முன் உலோகத்தின் மேல் அடிக்கும் பிரைமரைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> முதற்பூச்சு போதுமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். ரயில் எஞ்சினின் சிறிய பித்தளை மாதிரியின் மேல் நேரே கறுப்பு எனாமலை அடித்தாலும் அது முதற்பூச்சுதான். காய்ந்ததும் நகத்தால் கீறிப் பாருங்கள், உரிந்து வரும். பிரைமருக்கு அடையாளம் முதலில் வருவதல்ல, உலோகத்தை விடாமல் பிடித்துக்கொள்வது. அடிப்பூச்சுக்கும் இதே குறைதான். நிறத்தைச் சீராக்க அடிக்கும் அண்டர்கோட்டுக்கு வேண்டுமானால் அதை வைத்துக்கொள்ளலாம்.

> எட்ச் பிரைமர் = அரிப்புப் பூச்சு

படித்ததும் முதுகைச் சொறியத்தான் தோன்றியது! சரி, சிரிப்பை விடுவோம். அரிப்பு என்றால் உலோகம் கெடுவது. எட்ச் பிரைமரில் உள்ள பாஸ்பாரிக் அமிலமோ பரப்பை மிக லேசாகத் தாக்கி, கூடவே இருக்கும் பிசின் அங்கே பிடித்துக்கொள்ள வழி செய்கிறது. கெடுதல் எதுவும் இல்லை.

என் பரிந்துரை: கவ்வுபூச்சு. ஊறுகாய், சுடுநீர் மாதிரி வினைத்தொகை, அதனால் நடுவில் ‘ப்’ வேண்டாம். அமிலம் உள்ளது அமிலக் கவ்வுபூச்சு. முதலில் ‘பற்றுபூச்சு’ என்றுதான் எழுதி வைத்திருந்தேன். ஆனால் உலோகத் துண்டுகளை இணைக்க உருக்கி வைக்கும் சால்டருக்குப் பற்றாசு என்ற அருமையான பழஞ்சொல் இருக்கிறது. பற்றாசு வைத்த மூட்டின் மேலேயே பற்றுபூச்சும் அடி என்றால் படிப்பவர் பாவம்.

சொல் வாக்கியத்தில் நிற்கிறதா என்று எழுதிப் பார்த்தேன்:

“பற்றாசு வைத்து முடித்ததும் ஃப்ளக்ஸ் (பற்றாசு நன்றாகப் பிடிக்கத் தடவும் பொருள்) மிச்சத்தைப் பாத்திரம் கழுவும் திரவமும் வெதுவெதுப்பான நீரும் விட்டு, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவவும். மூலைகளில் அது தங்கினால் பின்னாளில் பச்சை பூத்துச் சாயத்தைக் கிளப்பிவிடும். மங்கிய இடங்களைக் கண்ணாடி இழைப் பேனாவால் தேய்த்து, மறுபடி அலசி, நன்றாக உலரவிடவும். அதன்பின் வெறுங்கையால் தொடக் கூடாது, விரலின் எண்ணெய்ப் பசை போதும் காரியத்தைக் கெடுக்க. அமிலக் கவ்வுபூச்சை 20–25 செ.மீ. தள்ளிப் பிடித்து மெல்லிசாகத் தெளிக்கவும்.”

எனக்கு உறுத்தவில்லை. ‘மெல்லிசாக’ என்பதை மட்டும் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். நிஜத்தைவிட 87 மடங்கு சிறிய 1:87 மாதிரியில் 0.1 மி.மீ. தடிமன் என்றால் நிஜ எஞ்சின் மேல் கிட்டத்தட்ட 9 மி.மீ. சேறு அப்பிய கணக்கு. ரிவெட் தலைகள் காணாமல் போகும். பூச்சு என்றதும் சுவர்ப் பூச்சு நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் குறைப்பட்டார். நியாயம்தான், ஆனாலும் ‘கவ்வுபடலம்’ எனக்கு வாயில் நுழையவில்லை.

அப்புறம், நிக்கல் சில்வர் என்ற உலோகக் கலவையை யாரும் ‘நிக்கல் வெள்ளி’ ஆக்கிவிடாதீர்கள். அதில் செம்பு, நிக்கல், துத்தநாகம்தான், பொட்டு வெள்ளி கிடையாது. அதற்கு என்ன பெயர் வைக்கலாம்?